தொட்டியில் டிராபா: ஆல்ப்ஸ் பாறைச் செடியை வளர்க்கும் முறை

டிராபா ஐசாய்டீஸ் ஆல்ப்ஸ், பிரனீஸ், கார்பாத்தியன் மலைகளின் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் வளரும் குட்டிச் செடி. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. நான்கு மஞ்சள் இதழ்களையும், நான்கு நெட்டையும் இரண்டு குட்டையுமான மகரந்தத் தாள்களையும் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும். உயரம் 5 முதல் 10 செ.மீ. ஓரத்தில் முள்மயிர் வைத்த விறைப்பான இலைகள் கொத்துக் கொத்தாக நெருங்கி மெத்தைபோல் படரும். பிரிட்டனில் தெற்கு வேல்ஸின் கோவர் கடலோரப் பாறைகளிலும் இது வளர்கிறது. ஆக, மலை உயரம் இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும். காலடியில் நீர் தேங்கினால்தான் பிழைக்காது.

உறைபனி விழும் ஊர்களுக்கு மட்டுமே இந்த முறை பொருந்தும். காட்டிலிருந்து பிடுங்கி வர வேண்டாம். ஜெர்மனியில் இது சட்டப் பாதுகாப்பு பெற்ற செடி. தவிர, பாறைக்குள் ஆழமாக ஓடிய ஆணிவேர் முழுதாக வரவே வராது. விதையே வழி.

நவம்பர் முதல் ஜனவரிக்குள் விதைக்கலாம். கலவைக்குத் தோட்ட மண் 1 பங்கு, சலித்த இலைமக்கு 1 பங்கு, 3 முதல் 6 மி.மீ. அளவுள்ள கூரான சரளை 2 பங்கு. சரளைக்குப் பதில் நைஸ் மணலைப் போடாதீர்கள். அது காற்று போகும் துளைகளை அடைத்து, கலவையைச் சேறாக்கும். விதையை மேலே தூவி, அரை செ.மீ.க்கும் குறைவாகச் சரளையால் மூடி, பானையை நீர்த்தட்டில் வைத்து அடியிலிருந்து நனையவிடுங்கள். பிறகு குளிரில் வெளியே விட்டுவிட வேண்டியதுதான். குளிர்பட்ட விதைதான் வசந்தத்தில் ஒழுங்காக முளைக்கும். குளிர்காலம் தப்பிவிட்டதா? ஈர மணலோடு விதையைக் கலந்து, ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் ஐந்தாறு வாரம் வைத்து விதையுங்கள்.

முதலில் வரும் வித்திலைகளுக்குப் பிறகு நான்கு உண்மை இலைகள் வந்ததும் நாற்றைப் பெயர்த்து, 7 செ.மீ. மண்தொட்டிக்கு மாற்றலாம். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்குங்கள். ஆணிவேர் முறிந்தால் நாற்று அநேகமாகப் போனதுதான். பூ பெரும்பாலும் அடுத்த ஆண்டில்தான் வரும்.

கடைசி இருப்பிடமாகக் குறைந்தது 20 செ.மீ. ஆழமும் அடியில் துளையும் உள்ள கல்தொட்டி நல்லது. முழு வெயில் படட்டும். நிழலில் மெத்தை நெகிழ்ந்து நீண்டுவிடும். பாதிக்குப் பாதி சரளை கலந்த மண்ணை நிரப்பி, சுண்ணாம்புக் கற்பலகைகளை இரண்டு விரல் இடைவெளியில் செங்குத்தாகப் புதையுங்கள். இளஞ்செடியை அந்த இடுக்கில் இறக்கி, கலவையைக் குச்சியால் குத்தி இறுக்க வேண்டும். வேரைச் சுற்றி வெற்றிடம் விட்டால் அங்கேதான் வேர் காயும். செடியின் கழுத்தை, அதாவது தண்டும் வேரும் சேரும் இடத்தை, சுற்றி 2 செ.மீ. சரளை போர்த்துங்கள். பலரும் சோம்பல்பட்டு விடும் வேலை இது. ஆனால் கழுத்து அழுகலைத் தடுப்பதில் பாதி வேலையை இந்தச் சரளைதான் செய்கிறது.

மார்ச் முதல் ஜூன் வரை தாராளமாக, ஆனால் மெத்தைமேல் படாமல் நீர் விடுங்கள். மொட்டு வரும்போது பொட்டாஷ் மிகுந்த உரத்தைப் பாதி அடர்த்தியில் ஒருமுறை கொடுத்தால் போதும். தழைச்சத்து கூடினால் இலை கொழுத்து, குளிரில் கருகும்.

உயர்மலையில் பனிக்காலம் முழுக்க உலர்ந்த பனிப்போர்வை செடியை மூடியிருக்கும். தாழ்நிலத் தோட்டத்தில் அதற்குப் பதில் மழை. ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பக்கங்கள் திறந்திருக்கும்படி மேலே ஒரு கண்ணாடிப் பலகை வையுங்கள். பக்கத்தையும் மூடினால் காற்றோட்டமின்றிச் சாம்பல் பூஞ்சணம் வரும்.

மெத்தையின் நடுவில் பழுப்புத் திட்டு தெரிந்தால் இரண்டில் ஒன்று: ஈரம் அல்லது சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி. விலக்கிப் பாருங்கள், அசுவினி இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சாமல் மெல்லிய தூரிகையால் துடைத்தெடுங்கள். செத்த கொத்துகளை இடுக்கியால் பிடுங்கி, குழியைச் சரளையால் நிரப்பினால் பக்கத்துக் கொத்துகள் மெல்ல மூடிவிடும். நாற்றிலைகளில் ஊசித்துளைகள் தெரிந்தால் கடுகுப் பயிரைத் தின்னும் தெள்ளுவண்டின் வேலை. மெல்லிய வலை போதும்.

காய்கள் வைக்கோல் நிறமானதும் காகித உறைக்குள் உதிர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வேறு டிராபா இனங்கள் பூத்திருந்தால் விதை கலப்பாகியிருக்கலாம். அசல் வேண்டுமானால், பூ முடிந்ததும் தனிக் கொத்துகளைக் கிள்ளி ஈரச் சரளைமணலில் நட்டு, நிழலில் வேர்விட வையுங்கள்.