உடல் பருமனை வீட்டிலேயே அளப்பது எப்படி? பெரியவர்களுக்கு ஒரு கணக்கு, பிள்ளைகளுக்கு வேறு கணக்கு

உடல் பருமன் இருக்கிறதா என்பதைக் கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. எடை மெஷின் காட்டும் எண்ணும் தனியாக எதையும் சொல்லிவிடாது. எடை மெஷின், தையற்கடை இன்ச் டேப், கால்குலேட்டர், பென்சில் இவை போதும். வீட்டில் எல்லோரையும் ஒரே காலையில் அளந்துவிடலாம்.

படி 1: எடையும் உயரமும்

காலையில் கழிப்பறை போய் வந்தபின், சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். மெஷின் தரையில் சமமாக இருக்கட்டும், கால்மிதியின் மேல் வேண்டாம்.

உயரத்தில்தான் பலரும் அசட்டையாக இருக்கிறார்கள். செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகால் சுவரில் பட நேராக நில்லுங்கள். வேறொருவர் உங்கள் தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து, அதன் அடியில் கோடு போடட்டும். தரையிலிருந்து அந்தக் கோடுவரை அளந்தால் அதுதான் உயரம். பழைய அடையாள அட்டையில் இருக்கும் உயரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

படி 2: பி.எம்.ஐ. கணக்கு

எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். வருவதுதான் பி.எம்.ஐ., அதாவது உடல் நிறை குறியீட்டெண். 70 கிலோ எடையும் 165 செ.மீ. உயரமும் உள்ள ஒருவருக்கு 70 ÷ 1.65 ÷ 1.65 = 25.7. இவரே தன் உயரத்தை 168 என்று எழுதினால் 24.8 வரும். மூன்று செ.மீ. கூட்டிச் சொன்னதில் ஒரு எல்லைக்கோட்டையே தாண்டிவிட்டார், பாருங்கள்.

அந்தக் கோடு எது? உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கணக்கில் 25 முதல் அதிக எடை, 30 முதல் உடல் பருமன். இந்தியர்களுக்கு 2009இல் நம் மருத்துவ வல்லுநர்கள் ஒருமித்துப் பரிந்துரைத்த அளவு இன்னும் கீழே இருக்கிறது: 23 முதல் அதிக எடை, 25 முதல் உடல் பருமன். இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்கள் பெரும்பாலும் முதல் கணக்கைத்தான் காட்டும். 25.7 உள்ள நம் ஆளிடம் அது "கொஞ்சம் அதிக எடை" என்று சொல்லும். இந்திய அளவுப்படி அவருக்கு உடல் பருமன்.

ஏன் இந்த வித்தியாசம்? புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டனின் மருத்துவர் யூட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்குமே பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடல் கொழுப்பை அளந்தால் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பி.எம்.ஐ. என்பது எடைக்கும் உயரத்துக்குமான விகிதம் மட்டுமே. எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. சர்க்கரை நோயும் அதோடு சீக்கிரம் வந்துவிடுகிறது.

படி 3: இடுப்புச் சுற்றளவு

என்னைக் கேட்டால் நம்மவர்களுக்கு மிக முக்கியமான அளவு இதுதான். பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். தொப்பை உள்ளவர்கள் அதற்குக் கீழேதான் பேன்ட்டைக் கட்டுகிறார்கள்.

பக்கவாட்டில் கடைசி விலா எலும்பை விரலால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். சட்டைக்கு மேல் அளக்கக் கூடாது. டேப் தரைக்கு இணையாக, தோலை அழுத்தாமல் இருக்கட்டும். வயிற்றை உள்ளே இழுக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடித்ததும் அளவைப் பாருங்கள்.

நமக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ.; அதைத் தொட்டாலே எச்சரிக்கை. இன்னும் சுலபமாக வேண்டுமா? இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 165 செ.மீ. உயரத்துக்கு 82.5.

2025 தொடக்கத்தில் வெளிவந்த லான்செட் ஆணைய அறிக்கையும், தனி ஒருவருக்கு உடல் பருமன் உண்டா என்பதை வெறும் பி.எம்.ஐ.யை வைத்து முடிவு செய்யாமல், இடுப்பையோ கொழுப்பையோ அளந்து உறுதி செய்யச் சொல்கிறது. கோட்டைத் தாண்டியிருந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

படி 4: பிள்ளைகள்

பெரியவர்களுக்கான 23, 25 என்ற எண்களைப் பிள்ளைகளுக்குப் போடவே கூடாது. வளரும் வயதில் இயல்பான பி.எம்.ஐ. ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆண், பெண் என்றும் வேறுபடும். அதனால் ஒரே எண் கிடையாது, வயதுக்கேற்ற வரைபடம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 5 வயது முதல் 18 வரை இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்டவையும் உண்டு. ஐந்து வயதுக்குள் என்றால் உயரத்துக்கேற்ற எடையைப் பார்ப்பார்கள்; இரண்டு வயதுக்குள் படுக்கவைத்துத்தான் நீளம் அளப்பார்கள். அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

பத்து வயதுப் பையன் ஒருவன், 138 செ.மீ., 42 கிலோ. அதே கணக்கில் பி.எம்.ஐ. 22. பெரியவர் என்றால் ஒரு குறையும் இல்லை. ஆனால் உலக சுகாதார நிறுவன வரைபடத்தில் பத்து வயதுப் பையனுக்கு நடுக்கோடு 16.4, 18.5ஐத் தாண்டினால் அதிக எடை, 21.4ஐத் தாண்டினால் உடல் பருமன். "கொழுகொழுன்னு இருக்கான், திருஷ்டி சுத்திப் போடு" என்று பாட்டி மகிழும் பிள்ளை இந்தக் கோட்டுக்கு மேலே இருக்கலாம். அளவைப் பிள்ளையின் முன்னால் உறவினர்களிடம் சொல்லாதீர்கள், மனசு நோகும்.

பட்டினி போடவும் வேண்டாம். உயரம் கூடிக்கொண்டிருக்கும் வயது இது. எடை கூடாமல் நின்றாலே பலருக்கும் பி.எம்.ஐ. இறங்கிவரும். அதே பையன் அடுத்த ஆண்டு 143 செ.மீ. வளர்ந்து 42 கிலோவிலேயே இருந்தால் பி.எம்.ஐ. 20.5. பதினோரு வயதுக்கு உடல் பருமன் கோடு 22.5, அவன் அதற்குக் கீழே வந்துவிட்டான்.