பெயரெச்சத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

பள்ளியில் ஆங்கில இலக்கணத்தில் ரிலேடிவ் கிளாஸ் (relative clause) என்றதும் ஹூ, விச், தட் என்று மூன்று சொற்களை மனப்பாடம் செய்தோம். தமிழில் அந்த வேலையைச் செய்வது பெயரெச்சம், அதாவது ஒரு பெயரோடு சேர்ந்தால்தான் முடியும் வினை. அதில் அப்படி ஒரு இணைப்புச் சொல்லே கிடையாது. அது இல்லாமலே காரியம் நடக்கிறது. எப்படி என்று பார்க்கலாம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எச்சத்தைத் தேடுங்கள்

"நான் மாம்பழம் நறுக்கிய கத்தி." இதில் 'நறுக்கிய' என்பதோடு நிறுத்தினால் பேச்சு தொங்குகிறது, ஒரு பெயர் வந்தால்தான் முடியும். நறுக்கிய, நறுக்குகிற, நறுக்கும், நறுக்காத எல்லாம் இந்த வகை. 'நறுக்கும்' மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். "இந்தக் கத்தி நன்றாக நறுக்கும்" என்றால் அங்கே அது வினைமுற்று. அடுத்து பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

படி 2: பெயரைப் பழைய இடத்தில் வையுங்கள்

முக்கியமான படி இதுதான். கத்தியை வாக்கியத்துக்குள் தள்ளுங்கள்: "நான் மாம்பழத்தைக் கத்தியால் நறுக்கினேன்." 'ஆல்' என்ற வேற்றுமை உருபு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது, பார்த்தீர்களா? பெயரெச்சத்தில் அது காணாமல் போயிருந்தது. "மாம்பழம் வாங்கிய கடை" என்றால் கடையில், "மாம்பழம் கொடுத்த பாட்டி" என்றால் பாட்டி கொடுத்தாரா, பாட்டிக்குக் கொடுத்தோமா? உருபு போய்விட்டதால் இடம் பார்த்து நாமே நிரப்பிக்கொள்கிறோம். இப்படி எஞ்சி நிற்கும் பெயர்களை நன்னூல் ஆறாகச் சொல்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள்.

எல்லா உருபும் இப்படி மறைந்துவிடாது. "நான் மாலாவோடு கடைக்குப் போனேன்" என்பதை "நான் கடைக்குப் போன மாலா" என்று மாற்றிப் பாருங்கள். விளங்கவில்லை, இல்லையா? 'ஓடு' போனால் மீட்க வழியில்லை. அதனால்தான் நாம் யோசிக்காமலே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, "என்னோடு கடைக்கு வந்த மாலா" என்கிறோம்.

படி 3: இரண்டு பொருள் வருகிறதா?

"புலி கொன்ற யானை." செத்தது எது? பெயரை உள்ளே வைத்தால் "யானை புலியைக் கொன்றது", "புலி யானையைக் கொன்றது" என்று இரண்டு வாக்கியம் கிடைக்கிறது. தொல்காப்பியம் இந்த மாதிரியைத் தடுமாறு தொழிற்பெயர் என்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் 'புலிகொல் யானை'. 'புலியைக் கொன்ற' என்று ஓர் ஐ சேர்த்தால் சிக்கல் தீர்ந்தது.

படி 4: உள்ளே போகாத பெயர்

"மீன் பொரித்த வாசனை." வாசனையை எந்த உருபோடு தள்ளினாலும் உள்ளே போகாது. வாசனை பொரிக்கவில்லை, வாசனையை யாரும் பொரிக்கவில்லை. பொரித்ததால் வந்தது, அவ்வளவுதான். "அவன் வேலையை விட்ட செய்தி"யும் உள்ளே போகாது. அவன் வேலையை விட்டான் என்பதே அந்தச் செய்தி. உருவத்தில் பெயரெச்சம், ஆனால் உள்ளே காலி இடம் இல்லை.

படி 5: பிரித்துக் காட்டுகிறதா, கூடுதல் தகவலா?

ஆங்கிலத்தில் ஒரு கமா இதைச் சொல்லிவிடும். தமிழில் கேட்பவர்தான் முடிவு செய்யவேண்டும். ஒருமுறை "துபாயில் இருக்கும் என் அண்ணன் வருகிறார்" என்றேன். பக்கத்து வீட்டு அக்கா உடனே, "அப்போ இன்னொரு அண்ணன் எங்கே இருக்கார்?" என்று கேட்டார். எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.