டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது: வீட்டு டெங்கு தடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொசு ஒழிப்புப் பணிக்குப் புதிதாக வருபவர்களைத் தெருத்தெருவாக அழைத்துச் சென்று பழக்குவது என் வேலையின் ஒரு பகுதி. டார்ச் விளக்கும் வெள்ளைத் தட்டுமாக முதல் தெருவில் இறங்கும் அவர்கள் செய்யும் தவறுகள், நாங்கள் பணிக்கு வந்த காலத்தில் செய்தவைதாம். அவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்கும் வீட்டுக்காரர்களும் அதே தவறுகளைத் தொடர்கிறார்கள். டயரிலும் இளநீர்க் கூட்டிலும் மழைநீர் தேங்கக் கூடாது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம் என்பதால் அதை மறுபடியும் சொல்லப் போவதில்லை. அக்கறையுள்ளவர்களும் செய்கிற தவறுகளே இங்கே பேச வேண்டியவை.

மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்ப்பது

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு, நீரின் மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கியபடி வால்பக்கக் குழலால் மூச்சு விடும். நிழல் விழுந்தாலும் டிரம் அசைந்தாலும் உடனே அடியாழத்துக்குப் போய்விடும். மூடியைப் படாரென்று விலக்கித் தலையை நீட்டுகிறவரின் கண்ணுக்குத் தெளிந்த நீர்தான் தெரியும். அட்டையில் ‘புழு இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஓரிரு நிமிடம் அசையாமல் நின்று, நிழல் விழாத பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், புழுக்கள் காற்றுக்காக நெளிந்து மேலே வருவதைக் காணலாம். ஐயம் தீராவிட்டால் ஒரு குவளை நீரை மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்க்க வேண்டும்.

வாசலோடும் கொல்லையோடும் நின்றுவிடுவது

ஃபிரிட்ஜின் பின்புறம் இருக்கும் தட்டு, உணவு அலமாரியின் கால்களுக்கு அடியில் எறும்புக்காக நீர் ஊற்றிவைக்கும் கிண்ணம், மணி பிளான்ட் வளரும் பாட்டில் ஆகியவை வீட்டுக்குள்தான் இருக்கின்றன. கிண்ணத்தில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுவைத்தால் அங்கே புழு வளராது. கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. அதன் குழியை மணலால் நிரப்பிவிடுங்கள்.

நீரைக் கொட்டிவிட்டு வேலை முடிந்ததென நினைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். நகரத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பில், லாரித் தண்ணீரை நம்பி வாழும் வீடு ஒன்றில், ஒவ்வொரு முறை போகும்போதும் நீல நிற டிரம்மில் புழு இருந்தது. அந்த வீட்டு அம்மா வாசலை மெழுகியதுபோல் வைத்திருப்பவர். “வெள்ளிக்கிழமை தவறாமக் கொட்டிட்டுத்தான் சார் புதுத் தண்ணி பிடிக்கிறேன், எங்க இருந்து வருதுன்னே தெரியல” என்று அவர் சொன்னபோது, என்னுடன் வந்த புதிய பணியாளர் அதை நம்பாமல், கொட்டாமலேயே கொட்டியதாகச் சொல்கிறார் என்று என் காதோரம் முணுமுணுத்தார். அந்த அம்மா சொன்னது உண்மை. டிரம்மின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கரி படிந்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று வளையமாக ஓடியிருந்தது. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துக் காட்டினேன். துணியில் ஒட்டி வந்தவை அத்தனையும் முட்டைகள்.

ஏடிஸ் கொசு நீரின்மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்தை ஒட்டிய ஈரச் சுவரில் ஒட்டவைக்கிறது. ஒரு தடவையில் ஏறத்தாழ நூறு முட்டைகள் வரை இடும். அவற்றையும் ஒரே பாத்திரத்தில் இடாமல் பல பாத்திரங்களில் பிரித்து இடுவதும் உண்டு. நீரைக் கொட்டும்போது புழுக்கள் போய்விடும், முட்டைகள் சுவரிலேயே இருக்கும். காய்ந்தாலும் அவை சாவதில்லை. மாதக் கணக்கில் உயிரோடு கிடந்து, நீர்மட்டம் உயர்ந்து தங்களை மூடும் நாளுக்காகக் காத்திருக்கும். எனவே வெள்ளிக்கிழமை கொட்டிய டிரம்மை அன்று மாலையே விளிம்பு வரை நிரப்புகிறவர், தம்மை அறியாமல் அந்த முட்டைகளைப் பொரிக்க வைக்கிறார். நம் ஊர் வெப்பத்தில் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறப்பதற்கு 7 முதல் 10 நாட்கள் போதும். ‘வாரம் ஒரு முறை’ என்ற விதி இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த விதியில் உள்ள உழைப்பு கொட்டுவதில் இல்லை, தேய்ப்பதில் இருக்கிறது என்பதை எந்தத் துண்டறிக்கையும் உரக்கச் சொல்வதில்லை. பயிற்சி வகுப்பிலும் அது ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் விழித்துக்கொள்வதும் இதே தவற்றின் இன்னொரு வடிவம். சித்திரை, வைகாசியில் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குப் பயந்து வீட்டிலிருக்கும் அத்தனை டிரம்மிலும் குடத்திலும் சிமெண்ட் தொட்டியிலும் நீரைச் சேமிக்கிறோம். லாரி வரும் நாளைப் பொறுத்து நீர்மட்டம் ஏறி இறங்குவதால் முட்டைக் கோடுகளும் பல உயரங்களில் படிகின்றன. பிறகு குழாயில் நீர் வரத் தொடங்கியதும் டிரம்களைக் காலி செய்து, கழுவாமலேயே மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுகிறோம். வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழையில் அவை நிரம்புகின்றன. அந்த மழைக்குப் பின் வரும் கொசுக்களில் ஒரு பகுதி, கோடையில் நாமே சேமித்து வைத்தவை. பழைய டிரம்மை உறவினருக்குக் கொடுத்தாலும், வீடு மாற்றும்போது எடுத்துச் சென்றாலும் முட்டைகளும் கூடவே போகும். ஏடிஸ் இனத்தின் மற்றொரு கொசுவான ஏடிஸ் ஆல்போபிக்டஸ், ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த பழைய டயர்களோடு அமெரிக்காவுக்குப் போய், 1985இல் டெக்சாஸில் நிலைபெற்றிருப்பது கண்டறியப்பட்டது. கடலையே தாண்டிய முட்டைக்கு மொட்டை மாடியின் வெயில் பொருட்டல்ல.

செய்ய வேண்டியது இதுதான். நீர் குறைந்திருக்கும் நாளைத் தேர்ந்தெடுத்து, எஞ்சியதைக் கொட்டிவிட்டு, சலவைத்தூளைத் தூவித் தேங்காய் நாராலோ கடினமான பிரஷ்ஷாலோ உட்சுவரை விளிம்பிலிருந்து அடி வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். மேல் பாதிக்குக் கூடுதல் கவனம் தேவை. பெரும்பாலோர் பாசி தெரியும் அடிப்பகுதியை மட்டும் தேய்த்துவிட்டு மேல்பகுதியை விட்டுவிடுகிறார்கள். மூடியின் உட்புறத்தையும் விளிம்பின் மடிப்பையும் விடக் கூடாது. ஹோண்டுராஸில் துணி துவைக்கும் தொட்டிகளுக்கு, பிளீச்சும் சலவைத்தூளும் கலந்த குழம்பைச் சுவரில் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டுப் பிறகு தேய்க்கும் முறையை வீட்டுப் பெண்களிடம் பரப்பினார்கள். முட்டைகளை அழிப்பதில் அது பலன் தந்தது. பிளீச்சைப் பயன்படுத்துகிறவர்கள் அதோடு கழிப்பறை ஆசிட்டை ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். கழுவிய நீரை வாளியிலோ தொட்டியிலோ சேர்த்துவைக்காமல் வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்ற வேண்டும், ஏனெனில் தேய்த்து விழுந்த முட்டைகள் அதில் இருக்கும்.

“அபேட் ஊத்திட்டுப் போயிட்டாங்களே, அப்புறம் எதுக்குக் கழுவணும்?” என்று கேட்பவர்கள் உண்டு. அபேட் எனப்படும் டெமிபாஸ் புழுவைக் கொல்லும் மருந்து. சுவரில் காய்ந்து ஒட்டியிருக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது. மருந்து ஊற்றிய நீரைச் செலவழித்துப் புது நீர் பிடித்ததும் காப்பும் போய்விடும்.

அந்த வீட்டு அம்மாவுக்கு நோட்டீஸ் கொடுக்கச் சட்டத்தில் இடமிருந்தது. கொசு உற்பத்தியைத் தடுக்கும் அதிகாரம் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது. அன்று நோட்டீஸுக்குப் பதில் ஒரு தேங்காய் நாரைக் கேட்டு வாங்கி, புதிய பணியாளரின் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த வாரம் அந்த டிரம்மில் புழு இல்லை.

மூடி போட்டாயிற்று என்ற நிம்மதி

குழிந்த மூடியின் மேலேயே மழைநீர் தேங்கும். துணியைக் கட்டி மூடினால் நடுவில் தொய்ந்து அங்கேயும் நீர் நிற்கும். மேல்நிலைத் தொட்டியின் மூடி சரியாக இருக்கும். நிரம்பி வழியும் குழாயின் வாய் மட்டும் வலையில்லாமல் திறந்து கிடக்கும்.

புகை மருந்தை நம்புவது

புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைக் கொல்லும். புழுவையும் முட்டையையும் தொடாது. ஏடிஸ் பெரும்பாலும் வீட்டுக்குள், கட்டிலுக்கடியிலும் தொங்கும் துணிகளின் மறைவிலும் அமர்ந்திருக்கும். புகை வண்டியின் சத்தம் கேட்டதும் நாம் முதலில் செய்வது ஜன்னலைச் சாத்துவது.

தெருவோரம் பிளீச்சிங் பவுடர் தூவச் சொல்லிக் கேட்பது

அதனால் கொசு சாகாது.

கொசுவலையை இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது

ஏடிஸ் பகலில் கடிக்கும். பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

காய்ச்சல் விட்டதும் பயம் விட்டது என்று கொள்வது

டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான், அதாவது 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள், தொடங்குகிறது. இரத்தக் குழாயிலிருந்து நீர்மம் கசியும் அந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். உடம்பு குளிர்ந்துவிட்டது என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, சோர்ந்து துவண்டு கிடப்பது, காரணமில்லாமல் அமைதியிழந்து தவிப்பது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு என்று பாராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் தவறு. நீர்மக் கசிவை உணர்த்துவது ஹெமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) உயர்வு, அதையும் மருத்துவர் பார்ப்பார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் சொல்லப்பட்ட அளவில். ஆஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை இரத்தக்கசிவை அதிகமாக்கக்கூடும் என்பதால், மருந்துக்கடையில் ‘உடம்புவலிக்கு ஒன்று’ என்று கேட்டு வாங்கும் பழக்கம் இங்கே உயிருக்கே ஆபத்து. பப்பாளி இலைச் சாற்றைக் குடித்துவிட்டு மருத்துவமனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நோயாளியைச் சுற்றியிருப்பவர்களை மறப்பதும் இதோடு சேர்ந்ததே. காய்ச்சல் தொடங்கிய ஏறத்தாழ முதல் 5 நாட்கள் அவர் இரத்தத்தில் வைரஸ் இருக்கும். அப்போது அவரைக் கடிக்கும் கொசு, 8 முதல் 12 நாட்களுக்குப் பின் தன் ஆயுள் முடியும் வரை மற்றவர்களுக்கு நோயைப் பரப்பும். ஆகவே காய்ச்சல்காரரைப் பகல் முழுவதும் கொசுவலைக்குள் படுக்க வைத்து, அன்றைக்கே வீட்டின் எல்லா டிரம்களையும் தேய்த்துக் கழுவி, சுற்றியுள்ள வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கொசு பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை.