சிடி, டிவிடி டிரைவ் வேகம்: பலரும் செய்யும் தவறுகள்

பழைய கல்யாண வீடியோ டிவிடிகளையும் கல்லூரிக் காலத்துச் சிடிகளையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவைக்க உட்காருபவர்கள் முதலில் சொல்லும் புகார், டிரைவ் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்பதுதான். உடனே புது டிரைவ் தேடத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. இந்த டிரைவ்களின் வேகத்துக்குக் கடிவாளம் போடுவது உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் அல்ல, சுழலும் பிளாஸ்டிக் தட்டு.

பெட்டியில் இருக்கும் எண்ணை அப்படியே நம்புவது

சிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு 150 கிலோபைட். 52எக்ஸ் என்றால் 7,800 கிலோபைட். பெருக்கல் சரிதான், ஆனால் அந்த வேகம் தட்டின் வெளி ஓரத்தில் மட்டுமே கிடைக்கும்.

ஆரம்பகால டிரைவ்கள் லேசர் உள்பக்கம் இருக்கும்போது தட்டை நிமிடத்துக்கு 500 சுற்று வரை சுற்றின. வெளியே போகப் போக 200 சுற்றுக்குக் குறைத்தன. அதனால் எங்கே படித்தாலும் டேட்டா ஒரே சீராக வந்தது. 12எக்ஸைத் தாண்டியதும் இது சரிப்படவில்லை. லேசர் இடம் மாறும்போதெல்லாம் மோட்டார் வேகத்தை ஏற்றி இறக்க வேண்டுமே! ஆகவே தட்டை ஒரே வேகத்தில் சுற்றவிட்டார்கள். அப்போது ஓரத்தில் ஒரு சுற்றுக்கு அதிக டேட்டா வரும், உள்ளே குறைவாக வரும்.

சிடியில் டேட்டா மையத்திலிருந்து 25 மில்லிமீட்டரில் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடிகிறது. வெளியே 52எக்ஸ் என்றால் உள்ளே 22எக்ஸ்தான். எழுதுவதும் உள்ளிருந்துதான் தொடங்குகிறது என்பதால், பாதி மட்டும் நிரம்பிய சிடி 40எக்ஸைத் தாண்டவே தாண்டாது. முழுதாக நிரம்பிய சிடிக்கும் சராசரி 37எக்ஸ் அளவில்தான் வரும். பெட்டியில் 'மேக்ஸ்' என்று சின்னதாக ஒரு சொல் இருக்கும். விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

டிவிடியின் 16எக்ஸைச் சிடியின் 52எக்ஸோடு ஒப்பிடுவது

டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்குச் சுமார் 1.385 எம்பி, அதாவது சிடியைப்போல ஒன்பது மடங்கு. புளூ-ரேயில் 1எக்ஸ் 4.5 எம்பி. எண்களை மட்டும் பார்த்தால் 52, 16, 12 என்று வேகம் இறங்குவதுபோல் தெரியும். உண்மையில் 52எக்ஸ் சிடி 7.8 எம்பி, 16எக்ஸ் டிவிடி 22 எம்பி, 12எக்ஸ் புளூ-ரே 54 எம்பி.

தட்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்த்தால்தான் சுவாரசியம். மூன்றுமே நிமிடத்துக்கு 10,000 சுற்றை ஒட்டி வந்து நிற்கின்றன. சில டிரைவ்கள் கொஞ்சம் தாண்டுகின்றன, அவ்வளவுதான். அந்த வேகத்தில் தட்டின் ஓரம் மணிக்கு 225 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. சத்தமும் அதிர்வும் எக்கச்சக்கம். சுழற்சியை இரட்டிப்பாக்கினால் தட்டுக்குள் உண்டாகும் இழுவிசை நான்கு மடங்காகும். சிடியிலிருந்து புளூ-ரே வரை வந்த வேகமெல்லாம் டேட்டாவைக் குறிக்கும் புள்ளிகளை இன்னும் நெருக்கமாக அடுக்கியதால் வந்தது. கூடுதலாகச் சுற்றியதால் அல்ல.

சுற்றாமல் வேகம் கூட்டவும் முயன்றார்கள். கென்வுட்டின் ட்ரூஎக்ஸ் டிரைவ்கள் ஏழு கதிர்களால் ஏழு தடங்களை ஒரே சமயத்தில் படித்தன. 72எக்ஸ் வரை போயின. நல்ல யோசனைதான், ஆனால் நிலைக்கவில்லை.

விரிசல் விட்ட தட்டைப் போடுவது

இதுதான் உண்மையிலேயே ஆபத்தான தவறு. நல்ல தட்டு 10,000 சுற்றில் உடையாது. தட்டைச் செய்யும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அதைப்போலப் பல மடங்கு விசையைத் தாங்கும். சுழலும் தட்டில் இழுவிசை மிக அதிகமாக இருக்கும் இடம் நடு ஓட்டையின் விளிம்பு. சிடியைக் கவரிலிருந்து நெம்பி எடுக்கும்போது விரிசல் விழுவதும் அதே இடத்தில். மயிரிழை விரிசலும் அங்கே நீளத் தொடங்கினால் தட்டு டிரைவுக்குள்ளேயே சிதறும், லென்ஸும் போய்விடும். வெளிச்சத்தில் பிடித்து நடு வளையத்தைப் பாருங்கள். விரிசல் இருந்து, உள்ளே இருப்பது கட்டாயம் வேண்டும் என்றால், வேகத்தைக் குறைத்தே படியுங்கள். லினக்ஸில் எஜெக்ட் கட்டளையிலேயே வேகத்தைக் குறிப்பிடலாம். விண்டோஸுக்கு இதற்கென்றே சின்னச் சின்ன மென்பொருள்கள் உண்டு.

தட்டின் மேல் காகித ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டுவதும் இதே வகைதான். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் அதிர்வு கூடும். படிக்க முடியாமல் டிரைவ் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எப்போதும் உச்ச வேகத்தில் பர்ன் செய்வது

வேகம் கூடினால் ஒவ்வொரு புள்ளிக்கும் லேசருக்குக் கிடைக்கும் நேரம் குறையும், அதனால் சக்தியைக் கூட்ட வேண்டும். அதிர்வும் சேரும்போது ஓரத்தில் பிழைகள் பெருகும். அதற்காக 1எக்ஸில் எழுதினால்தான் நல்லது என்பதும் தவறு. லேசர் புள்ளி வைக்கும் சாயப்பூச்சு 48எக்ஸுக்கென்று செய்ததாக இருந்தால், அத்தனை மெதுவான எழுத்துக்குப் பொருந்தாது. தட்டுக்குக் குறித்த வேகத்தில் பாதியை ஒட்டி வையுங்கள், போதும்.

கேபிளை மாற்றினால் வேகம் வரும் என்று நினைப்பது

16எக்ஸ் டிவிடிக்கு யூஎஸ்பி 2.0 தாராளம். புளூ-ரேயை உச்ச வேகத்தில் படிக்கத்தான் யூஎஸ்பி 3.0 வேண்டும். அப்புறம், மெல்லிய வெளி டிரைவ்கள் பொதுவாக டிவிடியில் 8எக்ஸ், சிடியில் 24எக்ஸோடு நின்றுவிடும். யூஎஸ்பி 2.0 தரும் 2.5 வாட்டில் அதற்கு மேல் மோட்டாரை விரட்ட முடியாது. டிவிடி படத்தைக் காப்பி செய்வது மட்டும் மெதுவாக இருந்தால் பதற வேண்டாம். சத்தம் வராமல் இருக்கப் பல டிரைவ்கள் படத் தட்டுகளை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுகின்றன.

ஆயிரம் சின்ன ஃபைல்களை இழுத்துப் போடுவது

லேசர் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவ நொடியில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கும். ஃபைல் ஃபைலாகக் காப்பி செய்யும்போது பாதி நேரம் இந்தத் தாவலிலேயே போய்விடலாம். டேட்டா சிடியாக இருந்தால் முழுத் தட்டையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்துவிட்டு, வேண்டியதைக் கம்ப்யூட்டரில் பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து வெளியே ஒரே ஓட்டமாகப் படிப்பதால் நிரம்பிய சிடிகூடச் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.