கர்ப்பகாலத் தடுப்பூசிகள்: எதை, எப்போது போடுவது?

முதலில் பதிவு. கர்ப்பம் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைக் கொடுங்கள். தமிழ்நாட்டில் 'பிக்மி' எனும் கர்ப்பப் பதிவு எண் தருவார்கள். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இது வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள்.

அடுத்தது டெட்டனஸ் ஊசி. இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஒரே ஊசியாக அரசு நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். பதிவு செய்தவுடன் ஒன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு மூன்று வருடம் ஆகவில்லையென்றால் இந்த முறை ஒன்றே போதும். அதனால் பழைய அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

மூன்றாவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்: கக்குவான் இருமலுக்கும் சேர்த்துப் போடும் 'டிடாப்'. பிறந்த குழந்தைக்கு இந்த நோய்க்கான முதல் ஊசி ஆறாவது வாரத்தில்தான். அதுவரை தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே போன எதிர்ப்புச்சக்திதான் காவல். ஆகவே 27 முதல் 36 வாரத்துக்குள், ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும். பெரும்பாலும் தனியாரில் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். இரண்டாவது டெட்டனஸ் ஊசிக்குப் பதிலாக இதையே போடும் மருத்துவர்களும் உண்டு. நீங்களாகவே வாய்விட்டுக் கேளுங்கள், தப்பில்லை.

ஃப்ளூ ஊசி எந்த மாதத்திலும் போடலாம். மூக்கில் விடும் ஃப்ளூ தடுப்பு மருந்து வேண்டாம், ஊசிதான்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கை வலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாளில் போய்விடும். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, எதைப் போடக்கூடாது? உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசிகளை. தட்டம்மை-ரூபெல்லா, சின்னம்மை ஊசிகள் இந்த வகை. கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிரசவத்துக்குப் பிறகு, பால் கொடுக்கும்போதுகூடப் போடலாம். கர்ப்பம் தெரியாமல் போட்டுவிட்டால் பதறிப்போய்க் கருவைக் கலைக்க ஓடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் போதும்.

அப்புறம், ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) இருப்பதாக வந்தால் பிரசவ அறைக்குப் போகும்போதே சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு அதற்கான ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கூடவே இம்யூனோகுளோபுலின் எனும், எதிர்ப்புச்சக்தியை நேரடியாகத் தரும் ஊசியும் தேவைப்படும்.