ஆஸ்திரேலியா 491 விசா: உறவினர் ஸ்பான்சர் வழியில் விண்ணப்பிப்பது எப்படி?

அடிலெய்டில் அண்ணன் இருக்கிறார், பெர்த்தில் அத்தை இருக்கிறார் என்றால், "அவர்களே கூப்பிட்டுக்கொள்வார்கள்" என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்து வேலை செய்ய வரும் திறனாளர்களுக்கான 491 விசாவில் அப்படி யாரும் யாரையும் கூப்பிட்டுக்கொள்ள முடியாது. உறவினர் ஸ்பான்சர் செய்வதால் கிடைப்பது விசாவுக்கான தகுதி மதிப்பெண்ணில் 15 பாயின்ட்டும், மாநில அரசின் பரிந்துரை இல்லாமலே வரிசையில் நிற்கும் தகுதியும்தான். வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் எல்லாம் நீங்கள்தான் தேற்றிக்கொள்ள வேண்டும்.

2019 நவம்பர் 16 முதல் நடப்பில் இருக்கும் இந்த விசா 5 ஆண்டுக்குத் தரப்படுகிறது. முதலில் தற்காலிகம், பிறகு 191 என்ற விசா வழியாக நிரந்தரமாகத் தங்கும் அனுமதி.

படி 1: ஸ்பான்சர் தேறுவாரா?

ஆங்கிலப் பரீட்சைக்கும் திறன் மதிப்பீட்டுக்கும் பணம் கட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். ஸ்பான்சர் 18 வயது நிரம்பியவராக, ஆஸ்திரேலியக் குடிமகனாகவோ நிரந்தர அனுமதி பெற்றவராகவோ தகுதியுள்ள நியூசிலாந்துக் குடிமகனாகவோ இருக்க வேண்டும். பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர், உடன்பிறந்தோரின் பிள்ளைகள், தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தோருடைய பிள்ளைகள் வரை உறவு செல்லும். கணவனோ மனைவியோ உங்களோடு சேர்ந்து விண்ணப்பித்தால் அவர் பக்கத்து உறவும் செல்லும். அப்பாவின் பெரியப்பா மகனையும் நாம் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறோம்; சட்டத்தின் கணக்கில் அவர் வரமாட்டார்.

அடுத்து அவர் குடியிருக்கும் இடம். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் பெருநகரங்கள் கூடாது. மற்ற இடங்கள் எல்லாம் பிராந்தியப் பகுதியாகக் கணக்காகும். பெர்த், அடிலெய்டு, கான்பெரா, ஹோபார்ட், கோல்ட் கோஸ்ட், நியூகாசில், வொல்லொங்காங், ஜீலாங் எல்லாமே இதில் அடக்கம். ஊர்ப் பெயரை நம்பாமல், அஞ்சல் குறியீட்டை உள்துறையின் பட்டியலில் வைத்துச் சரிபாருங்கள். ஜீலாங்கில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டு மெல்போர்னில் குடியிருப்பவர் ஸ்பான்சர் ஆக முடியாது. வழக்கமாகக் குடியிருப்பது அங்கே இருக்க வேண்டும்.

படி 2: தொழிலும் திறன் மதிப்பீடும்

மாநிலப் பரிந்துரையில் தொழில் பட்டியல் பெரியது. உறவினர் வழியில் நடுத்தர, நீண்டகாலத் தேவைக்கான பட்டியலில் உள்ள தொழில்கள் மட்டுமே. நண்பருக்கு 491 கிடைத்தது என்று அதே தொழிலை எடுத்துக்கொண்டு இறங்குபவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

தொழிலுக்கு ஏற்ற அமைப்பிடம் மதிப்பீடு வாங்க வேண்டும்: கணினித் துறைக்கு ஏசிஎஸ், பொறியாளர்களுக்கு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா, வேறு பல தொழில்களுக்கு வெட்டாசெஸ். முடிவுக் கடிதம் அதிகபட்சம் 3 ஆண்டு செல்லும்.

படி 3: பாயின்ட் கணக்கு

குறைந்தபட்சம் 65. ஆனால் 65 என்பது வரிசையில் நிற்பதற்கான நுழைவு மட்டுமே. விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அரசு அனுப்பும் அழைப்புகளில் உறவினர் வழிக்கு ஒதுக்கப்படுபவை குறைவு. பாயின்ட் அதிகம் உள்ளவருக்கே முதலில் போகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வயது 31 (30), இளநிலைப் பட்டம் (15), ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் 7 (10), வெளிநாட்டில் 6 ஆண்டு மென்பொருள் வேலை (10), மணமாகாதவர் (10), ஸ்பான்சர் (15). மொத்தம் 90.

இந்த 90 தப்பு. தொடர்புள்ள பட்டம் இருந்தாலும் ஏசிஎஸ் வழக்கமாக 2 ஆண்டைக் கழித்து, குறிப்பிட்ட தேதிக்குப் பிந்தைய வேலையையே திறன்சார் அனுபவமாக எடுக்கும். மிச்சம் 4 ஆண்டு, அதற்கு 5 பாயின்ட்தான். உண்மையான மொத்தம் 85. 90 என்று போட்டு அழைப்பு வாங்கினால் விண்ணப்பத்தில் 90 நிரூபணமாக வேண்டும். ஆகாவிட்டால் நிராகரிப்பு, கட்டிய கட்டணமும் போச்சு.

ஏற்றுவதற்கு எளிய இடம் ஆங்கிலம். ஒவ்வொரு பிரிவிலும் 8 வந்தால் 10 என்பது 20 ஆகும்.

படி 4: ஸ்கில்செலெக்டில் விருப்பப் பதிவு

வரிசையில் நிற்பதற்கு உள்துறையின் ஸ்கில்செலெக்ட் இணையதளத்தில் விருப்பத்தைப் பதிய வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை, ஆவணமும் ஏற்ற வேண்டாம். பதிவு 2 ஆண்டு செல்லும். 491-ஐத் தேர்ந்தெடுத்து, மாநிலமா உறவினரா என்ற கேள்விக்கு உறவினர் என்று குறியுங்கள்.

வேலை விவரத்தில் கவனம். ஏசிஎஸ் கழித்த காலத்தைத் தனிப் பதிவாகப் பிரித்து, "தொழிலுக்குத் தொடர்பில்லை" என்று குறிக்க வேண்டும். அதே நிறுவனம், அதே பதவி என்றாலும் இரண்டு பதிவுதான். இப்போதும் வேலையில் இருந்தால் முடிவுத் தேதியைக் காலியாக விடுங்கள். ஆண்டு கூடும்போது பாயின்ட் தானே ஏறும். 33-வது பிறந்தநாள் வந்தால் 5 பாயின்ட் தானே இறங்கவும் செய்யும். அழைப்பு வரும்போது வயது 45-க்குக் கீழே இருக்க வேண்டும்.

படி 5: அழைப்பு வந்தபின் 60 நாள்

60 நாளுக்குள் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டிவிட வேண்டும். ஆகவே ஆவணங்களை அதற்கு முன்பே சேர்த்து வையுங்கள்.

உறவுச் சான்று ஒரு சங்கிலி. அத்தை ஸ்பான்சர் என்றால் உங்கள் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர், அப்பாவின் சான்றில் தாத்தா பாட்டி பெயர், அத்தையின் சான்றிலும் அதே தாத்தா பாட்டி பெயர் இருக்க வேண்டும். நம்மவர்களுக்குச் சிக்கல் இனிஷியலில்: ஒன்றில் "கே. ராமசாமி", இன்னொன்றில் "ராமசாமி கந்தன்", அத்தையின் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் திருமணச் சான்றோ, ஒரே நபர் என்ற உறுதிமொழிப் பத்திரமோ வையுங்கள். பழைய பிறப்புச் சான்று இல்லாவிட்டால் பள்ளிச் சான்று, குடும்பப் பதிவுகள் என்று ஒன்றுக்கு இரண்டாகச் சேருங்கள்.

ஸ்பான்சரிடம் வாங்க வேண்டியவை: நிரப்பிய ஸ்பான்சர் படிவம், குடியுரிமை அல்லது நிரந்தர அனுமதிச் சான்று, ஓராண்டையாவது தொடர்ச்சியாகக் காட்டும் மின் கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், வேலைக் கடிதம் போன்றவை. மனைவி மக்களும் வருகிறார்கள் என்றால் அவர்களையும் படிவத்தில் சேர்க்க வேண்டும். முடிவு வரும்வரை ஸ்பான்சர் பெருநகரத்துக்குக் குடிபோகாமல் இருப்பதே பாதுகாப்பு.

போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை இரண்டும் இதற்கும் உண்டு.

படி 6: போய்ச் சேர்ந்தபின்

ஸ்பான்சர் இருக்கும் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. எந்தப் பிராந்தியப் பகுதியிலும் இருக்கலாம். ஆனால் விசாவோடு வரும் 8579 என்ற நிபந்தனைப்படி குடியிருப்பு, வேலை, படிப்பு மூன்றும் பிராந்தியப் பகுதிக்குள் இருக்க வேண்டும். வீடு ஜீலாங்கில், வேலை மெல்போர்னில் என்றால் நிபந்தனை மீறல். 3 ஆண்டுக்குப் பின் 191-க்கு விண்ணப்பிக்கும்போது 3 வருமான ஆண்டுகளின் வரி மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வரி அறிக்கை மூன்றையும் முதல் மாதத்திலிருந்தே ஒரே கோப்பில் போட்டு வாருங்கள்.