விமான மாடலில் காக்பிட், எஞ்சின் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் மாடலைக் கிட்டில் (பிளாஸ்டிக் பாகங்கள் வரும் பெட்டி) உள்ளபடியே கட்டி முடித்தவர்களுக்கு அடுத்த மாடலில் கை துறுதுறுக்க ஆரம்பிக்கிறது. தனியாக விற்கும் ரெசின் (வார்ப்புப் பிசின்) காக்பிட், அதாவது விமானி அறை, வாங்குகிறார்கள், ஃபோட்டோ எட்ச் என்ற மெல்லிய பித்தளைத் தகட்டுப் பாகங்கள் வாங்குகிறார்கள், எஞ்சினுக்கு வயர் இழுக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் திரும்ப வருவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். க்ளூ வழிவது, டிகேல் (ஒட்டுப்படம்) கோணலாவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். உதாரணத்துக்கு 1/48 அளவில் (உண்மையான அளவில் 48-இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் மார்க் 9, இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் போர் விமானம். எனக்கு நன்றாகப் பழகிய விமானம் அது.

சுவரின் தடிமனை மறப்பது

உண்மையான ஸ்பிட்ஃபயரின் உடல், சட்டங்களின் மேல் ரிவெட் அடித்த மெல்லிய அலுமினியக் கலவைத் தகடு. தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். 48-இல் ஒரு பங்கு அளவில் செய்யும் கிட்டிலும் அதே சுவர் பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இருக்கும். அதை 48-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்தால் 10 சென்டிமீட்டர். விமானியின் இடத்தில் அவ்வளவையும் பிளாஸ்டிக் தின்றுவிடுகிறது. ஸ்பிட்ஃபயர் காக்பிட்டோ ஏற்கெனவே தோள் இடிக்கும் அளவுக்குக் குறுகல்.

கிட் செய்பவர் இதைச் சமாளிக்க, உள்ளே வரும் பாகங்களைக் கொஞ்சம் ஒடுக்கிவிடுவார். ரெசின் செட் செய்பவர் சரியான அளவுக்கு நெருக்கமாகச் செய்யப் பார்ப்பார். அவருடைய பக்கச்சுவர்களுக்கும் ஒரு தடிமன் உண்டு. அதனால் கிட்டின் சுவரைச் சுரண்டி மெலிதாக்கிய பிறகுதான் ரெசின் உள்ளே போகும். செட்டோடு வரும் காகிதத்தில் இது ஒரு சின்ன அம்புக்குறியாக இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை.

தெரிந்த தம்பி ஒருவர் தன் ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொண்டு வந்தார். காக்பிட் வேலை அருமை. பெல்ட்டின் பக்கிள் வரை தனியாகப் பெயின்ட் அடித்திருந்தார். ஆனால் உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்தால் முதுகுப்பக்கம் வாய் பிளந்து நின்றது. "அண்ணா, கிளிப் போட்டு இறுக்கினா ஒட்டிக்கும்ல?" என்று கேட்டார். வேண்டாம், பிரித்துச் சுரண்டுங்கள் என்றேன். அவருக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குப் போய் ரப்பர் பேண்டைச் சுற்றி இறுக்கி க்ளூ விட்டுவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு ஒருநாள் முதுகு மூட்டு தானாகவே விட்டுக்கொண்டது. புட்டி போட்டுத் தேய்த்ததில் பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் இடத்துக் கோடுகள்) போயின. உடல் அரை மில்லிமீட்டர் அகன்றிருந்ததால் இறக்கை அடியில் சரியாக உட்காரவில்லை. அழுத்தி உட்கார வைத்ததில் இறக்கைகளின் மேல்நோக்கிய சாய்வு குறைந்துபோனது. முன்கண்ணாடியும் பொருந்தவில்லை. காக்பிட்டில் ஆரம்பித்த பிசகு விமானத்தின் உருவத்தையே மாற்றிவிட்டது.

எல்லோரும் இதைப் பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். பெயின்ட் ஆன பாகத்தைத் திரும்பத் தேய்க்க யாருக்கும் மனம் வராது. அதனால்தான் கிளிப்பைத் தேடுகிறார்கள்.

வேலையின் வரிசையை மாற்றினால் போதும். முதலில் கிட்டின் உட்சுவரில் வார்த்திருக்கும் விவரங்களைச் சீவி எடுங்கள். ரெசின் சுவர் எதுவரை வரும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, வளைந்த பிளேடால் சுரண்டுங்கள், அப்புறம் உப்புத்தாள். மோட்டார் டூல் பழகாத கையில் வேண்டாம். அதன் சூட்டில் பிளாஸ்டிக் இளகி, கண் இமைப்பதற்குள் ஓட்டை விழுந்துவிடும். அடிக்கடி விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஊடுருவ ஆரம்பித்தால் நிறுத்திவிடலாம். ரெசின் சுவரின் பின்பக்கத்தையும் தேய்த்து மெலிதாக்குங்கள். பிறகு பெயின்ட் மூடியைத் திறப்பதற்கு முன்பே, காக்பிட்டை உள்ளே வைத்து, உடலின் இரு பாதி, இறக்கை, முன்கண்ணாடி எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் சேர்த்துப் பாருங்கள். இறக்கையை விட்டுவிட்டு உடலை மட்டும் சேர்த்துப் பார்ப்பது பாதி சோதனைதான். விரலால் அழுத்தாமல் மூட வேண்டும். அழுத்தினால்தான் மூடுகிறது என்றால் இன்னும் சுரண்ட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. ஒரு கம்பெனியின் கிட்டுக்கென்று செய்த செட், அதே விமானம், அதே அளவு என்றாலும் வேறு கம்பெனியின் கிட்டில் அப்படியே உட்காராது. வாங்கும்போதே பெட்டியைப் பாருங்கள்.

எஞ்சினையும் வைத்து, மூடியையும் மூட நினைப்பது

இதுவும் அதே கணக்குதான். மார்க் 9-இல் இருப்பது மெர்லின் 60 வரிசை எஞ்சின்: 27 லிட்டர், வி வடிவில் 12 சிலிண்டர். அதன் மேல் மூடித் தகடு ஒட்டினாற்போலப் படிந்திருக்கும். சரியான அளவில் செய்த மெர்லின், 1 மில்லிமீட்டர் தடித்த பிளாஸ்டிக் மூடிக்குள் அடங்காது. அடங்கினால் எஞ்சின் சிறிதாகச் செய்யப்பட்டிருக்கிறது, இல்லையென்றால் மூக்கு பருத்திருக்கிறது என்று அர்த்தம். வேண்டும்போது கழற்றி மாட்டலாம் என்ற ஆசையில்தான் நிறைய மூக்குகள் கெட்டுப்போகின்றன.

ஒன்றை முடிவு செய்யுங்கள். எஞ்சின் தெரிய வேண்டுமா? மூடிகளை மெல்லிய அலுமினியத் தகட்டில் புதிதாகச் செய்து பக்கத்தில் தரையில் வையுங்கள். மூடியிருக்க வேண்டுமா? புகைக்குழாய்களின் முனையைக் குடைந்து பள்ளமாக்குங்கள். உள்ளே எஞ்சினே வேண்டாம்.

எஞ்சின் வேலையில்தான் ஆசை என்றால் பி-47 என்ற அமெரிக்கப் போர் விமானம் மாதிரி, சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரேடியல் எஞ்சின் விமானத்தை எடுங்கள். அதன் ஆர்-2800 எஞ்சினில் இரண்டு வரிசையாக 18 சிலிண்டர்கள். எதையும் திறக்காமலே முன்வரிசை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். புஷ்ராடு (வால்வைத் தள்ளும் தண்டு) குழாய்களும் ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் இக்னிஷன் வயர்களும் போட்டால் உழைப்பு வீணாகாது.

எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி

கையில் இருக்கும் 0.5 மில்லிமீட்டர் கம்பியையே எல்லா இடத்துக்கும் இழுக்கிறார்கள். 1/48-இல் அது 24 மில்லிமீட்டர் குழாய். ஸ்பார்க் பிளக் வயராக அதைப் போட்டால் எஞ்சினே பொம்மையாகத் தெரியும். 0.2 மில்லிமீட்டர் கம்பி ஏறத்தாழ 10 மில்லிமீட்டருக்குச் சமம், 0.1 என்றால் 5. பிளக் வயருக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் போதும். கெட்டுப்போன சார்ஜர் ஒயரை உரித்தாலே மெல்லிய செம்பு இழைகள் கிடைக்கும். ஈயக் கம்பி சொன்னபடி வளையும், திரும்ப நிமிராது. அதனால் எனக்கு அதுதான் பிடிக்கும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

பிளாஸ்டிக் இருக்கையில் வெள்ளி உரசல்

பெயின்ட் உரிந்து உலோகம் தெரிவது மாதிரி இருக்கையின் விளிம்பெல்லாம் வெள்ளி தடவுகிறார்கள். ஸ்பிட்ஃபயரில் பெருவாரியாக வந்த அந்தச் செம்பழுப்பு இருக்கை உலோகமே இல்லை, அழுத்தி வார்த்த ஒருவகைப் பிளாஸ்டிக். உரிந்தாலும் உள்ளே வெள்ளி வராது. வெள்ளியை விமானி ஏறி இறங்கும் இடப்பக்கக் கதவின் விளிம்பில் வையுங்கள், அதுவும் கொஞ்சமாக.

இன்றைய படங்களை அப்படியே நம்புவது

இன்று பறக்கும் ஸ்பிட்ஃபயர்களின் படங்கள் தெளிவாக இருக்கும், ஆசையாகவும் இருக்கும். ஆனால் அவற்றில் இந்தக் காலத்து ரேடியோ இருக்கும், பெல்ட் மாறியிருக்கும், எஞ்சின் கண்ணாடி போலப் பளபளக்கும். மார்க் 9 படைக்கு வந்தது 1942-இல். போர்க்காலப் படங்களையும் அந்தக் காலத்துக் கையேடுகளையும் பார்த்து வேலையை ஆரம்பியுங்கள். உறுப்புகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று புரிந்துகொள்ள மட்டும் இன்றைய படங்கள்.

காக்பிட்டின் கருவிப் பேனலுக்குப் பின்னால் வயர்

மூடிய பிறகு தெரியாது. விடுங்கள்.

காய்ந்த ரெசினைத் தேய்ப்பது

தூசு நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள்.

சூப்பர் க்ளூ காய்வதற்குள் கனோபியை (காக்பிட்டின் கண்ணாடி மூடியை) மூடுவது

அதன் ஆவி கண்ணாடியின் உட்பக்கத்தில் வெள்ளையாகப் படியும். ஓர் இரவு திறந்தே விடுங்கள்.